கேள்வி யாருடைய மொழியில் இருக்க வேண்டும்?

வெளிநாட்டிலிருந்து வந்து, ஜனங்களைப் பேட்டி கண்டு, அதை வைத்து ஆராய்ச்சி நூல் எழுதுகிறவர்கள் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பதில் சொல்கிறவருடைய மொழியில்தான் கேள்வி கேட்க வேண்டும். கேட்பவருக்கு அந்த மொழி அரைகுறையாகத்தான் வரும் என்றாலும் பரவாயில்லை.

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு இது புது விஷயம் இல்லை. பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் 1955-ல் இங்கே தொடங்கியதிலிருந்து, நோட்டுப் புத்தகத்தோடு வந்து திண்ணையில் உட்காரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அவர்களில் பலர் முதலில் தேடுவது பிரெஞ்சு தெரிந்த ஆளைத்தான். என் போன்றவர்களுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. ஆனால் சங்கடமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் பிரெஞ்சில் பேசினால் வாத்தியார் சொல்லிக் கொடுத்த ஒழுங்கான வாக்கியங்கள் வரும். என் தாயார் திட்டியதும், பங்காளிச் சண்டையும், சாவு வீட்டில் யார் எங்கே நிற்பது என்பதும் எனக்குத் தமிழில்தான் தெரியும். எனக்குக் கோபம் வருவதும் தமிழில்தான். பிரெஞ்சில் என்னைப் பேட்டி கண்டால், பள்ளிக்கூடம் போன பையன் கிடைப்பான். தெருவில் வளர்ந்தவன் கிடைக்க மாட்டான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பிரெஞ்சில் 'குசின்' என்று ஒரு சொல். பெரியப்பா மகள், சித்தி மகள், அத்தை மகள், மாமன் மகள் எல்லாரும் அதற்குள் அடக்கம். "உங்கள் பக்கத்தில் குசினைக் கல்யாணம் செய்வதுண்டா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மாமன் மகள் முறைப்பெண். சித்தப்பா மகளோ தங்கை. அவளைக் கட்டுவது என்ற பேச்சையே காது கொடுத்துக் கேட்க முடியாது. 'உண்டு' என்றாலும் தப்பு, 'இல்லை' என்றாலும் தப்பு.

லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு அறிஞர் தமிழ் கற்றவர். 1949, 1950 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தங்கி, மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் சமூகத்தை ஆராய்ந்தார். நம்முடைய உறவுச் சொற்களே கல்யாண முறையைச் சொல்கின்றன என்று 1953-ல் ஒரு கட்டுரை எழுதினார். மாமன் என்ற சொல்லுக்குள் கொள்வினை கொடுப்பினை இருக்கிறது என்பதை, 'ஓங்க்ள்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர் கண்டுபிடித்திருக்க முடியுமா?

"அதற்குத்தான் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரே" என்பீர்கள். மொழிபெயர்ப்பாளரைப் பற்றி நம் ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. துபாஷி என்றால் இரண்டு மொழிக்காரர். துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்தார். நடுவில் நின்றவருக்கும் கண்ணும் காதும், சொந்தக் கணக்கும் இருந்தன என்பது அதைப் படித்தால்தான் விளங்கும். எல்லாத் துபாஷியும் நாட்குறிப்பு எழுதுவதில்லை. பாட்டி ஐந்து நிமிஷம் பேசுவார். நடுவில் இருப்பவர், "இல்லை என்கிறார்" என்று ஒரே வரியில் முடிப்பார். அவர் பேரில் குற்றம் இல்லை. துரைக்கு எது வேண்டும், பாட்டிக்கு எது மரியாதை என்று இரண்டு பக்கமும் பார்த்துப் பேசுகிறார். அந்தப் பாட்டி ஐந்து நிமிஷம் சொன்னது மட்டும் போய்விடுகிறது.

அரைகுறை மொழியால் ஆபத்து உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். மார்கரெட் மீட் என்ற அமெரிக்க அம்மையார் 1925-ல் சமோவா தீவுகளுக்குப் போனார். சில மாதங்களே அங்கே இருந்து, சமோவா மொழியைக் கற்றுக்கொண்டு இளம் பெண்களிடம் பேசி, 1928-ல் புகழ்பெற்ற நூலை எழுதினார். அந்தப் பெண்கள் கேலியாகச் சொன்னதை அவர் நிஜமென்று நம்பிவிட்டார் என்று டெரிக் ஃப்ரீமன் என்பவர் பின்னாளில் வாதாடினார். அதை மறுத்தவர்களும் பலர். அந்தச் சண்டையில் மீட் அம்மையார் தம் பக்கத்தைச் சொல்ல முடியவில்லை. ஃப்ரீமனின் முதல் நூல் 1983-ல் வந்தது. அம்மையார் 1978-லேயே காலமாகிவிட்டார். மொழியில் புலமை தேவையில்லை, பயன்படுத்தத் தெரிந்தால் போதும் என்று 1939-ல் அவர் எழுதியதில் எனக்குப் பாதி சம்மதம். கேள்வி கேட்க அது போதும். கேலியைக் கண்டுகொள்ள அது போதாது.

நம் பேச்சையே பாருங்கள். "பார்க்கலாம்" என்றால் பெரும்பாலும் மாட்டேன் என்று அர்த்தம். ஒருவர் பேசும்போது "ம்", "சரிங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது என்பதற்குத்தான். சம்மதம் என்பதற்கு அல்ல. அகராதி வைத்துக்கொண்டு வருகிறவர் இதையெல்லாம் 'ஆம்' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

இதற்கு மருந்து எங்கள் குமாஸ்தா உத்தியோகத்திலேயே உண்டு. ஒருவர் வாக்குமூலம் கொடுத்தால் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். பழைய பிரெஞ்சுப் பத்திரங்களிலும் வாசித்துக் காட்டியதாக ஒரு வரி இருக்கும். ஆராய்ச்சிக்கும் இதுவே விதியாக இருக்கட்டும். தப்புத் தப்பான தமிழில் வாசித்தாலும் சரி, பாட்டி சிரித்துவிட்டு, "அப்படியில்லை தம்பி" என்று திருத்துவார். அந்தத் திருத்தம் சில சமயம் முதல் பதிலைவிடப் பெரிய விஷயமாக இருக்கும். எல்லாம் தெரிந்தவனிடம் யாரும் எதையும் விளக்கிச் சொல்வதில்லை. தட்டுத் தடுமாறிப் பேசுகிறவனுக்குத்தான் குழந்தைக்குச் சொல்வதுபோல் ஆதியிலிருந்து சொல்வார்கள்.

இன்னும் இரண்டு காரியம் செய்யலாம். மொழிபெயர்த்தவர் இருந்தால் அவர் பெயரையும், எந்தெந்தப் பேட்டி அவர் மூலம் நடந்தது என்பதையும் நூலில் சொல்ல வேண்டும். சொன்னவருடைய வார்த்தையைச் சொன்னபடியே காப்பாற்றவும் வேண்டும். பிரெண்டா பெக் அம்மையார் 1960-களில் கொங்கு நாட்டுக் கிராமத்தில் தங்கி, அண்ணன்மார் கதையைப் பாடகர் பாடப் பாட ஒலிநாடாவில் பிடித்தார். 1992-ல் அது தமிழும் ஆங்கிலமுமாக அச்சில் வந்தது. ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தால் தமிழைப் பார்த்துக்கொள்ளலாம்.

"இதற்கெல்லாம் வருஷக்கணக்கில் ஆகும், எங்களுக்குக் கொடுப்பது சில மாதத்துக்கான பணம்தானே" என்று அந்தப் பிள்ளைகள் சொல்லலாம். அப்படியானால் கேள்வியைச் சின்னதாக வைத்துக்கொள்ளட்டும். ஒரு தெருவில் பத்துப் பேரை ஒழுங்காகக் கேட்டது, நூறு பேரைத் துபாஷி மூலம் கேட்டதைவிட மேல்.

நாம் போன பிறகு நம் பேரப்பிள்ளைகள் நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போவது இந்த நூல்களிலிருந்துதான். "பார்க்கலாம்" என்று சொன்ன கிழவி, அதில் 'ஒப்புக்கொண்டார்' என்று பதிவாகியிருந்தால், திருத்துவதற்கு அன்றைக்கு யார் இருப்பார்கள்?

ஆகவே, என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோட்டும் கையுமாக ஒரு பிள்ளை வந்தால், பாவம் என்று பிரெஞ்சுக்கோ ஆங்கிலத்துக்கோ தாவாதீர்கள். நம் தமிழிலேயே நிதானமாகச் சொல்லுங்கள். காப்பி கொடுங்கள். கிளம்பும்முன், "என்ன எழுதினாய், படி பார்ப்போம்" என்று கேளுங்கள்.