ராத்திரி வண்டி யாருக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் வாழைக்காய் வாங்கிக்கொண்டு நிற்கும்போது நண்பர் ஒருவர் ஒரு காகிதத்தை நீட்டினார். டெல்டா மாவட்டங்களுக்கு இன்னொரு விரைவு ரயில் வேண்டும் என்று மனு. கொல்கத்தாவில் இருக்கும் நம்ம பக்கத்து ஆட்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்களாம். "நீங்க திருத்துறைப்பூண்டிதானே சார், முதல் கையெழுத்து உங்களோடதா இருக்கட்டும்" என்றார். நான் போடவில்லை. மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. மூட்டையும் முடிச்சுமாக நிற்கிற இடத்தில் விளக்கம் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இதே மாதிரி ஒரு மனுவில் சில வருஷங்களுக்கு முன்னால் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போட்டது மட்டுமில்லை, நாலு பேரிடம் வாங்கியும் கொடுத்தேன். நாங்கள் கேட்டது சென்னையிலிருந்து எங்கள் ஊர் வழியாக ஒரு ராத்திரி வண்டி. 2023 ஏப்ரலில் தாம்பரம் - செங்கோட்டை எக்ஸ்பிரஸ் திருவாரூர், திருத்துறைப்பூண்டி, காரைக்குடி வழியாக வாரம் மூன்று நாள் என்று ஆரம்பித்தார்கள். எங்கள் மனுவால் வந்ததென்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனாலும் ஒரு மிதப்பு. உடனே ஊருக்குப் போன் போட்டேன்.

அத்தைதான் எடுத்தது. அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை. மாதம் ஒருமுறை திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். நான் பெருமையாகச் சொல்லி முடித்ததும், "நல்லதுடா தம்பி, நீங்க வந்துபோக சௌகரியம்தான்" என்றது. கொஞ்சம் பொறுத்து, "எனக்கு வேண்டியது காலைல போயி மத்தியானம் திரும்புற வண்டி. அதையும் எழுதுனியா?" என்றது.

எழுதவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நான் பி.காம். படித்ததே பாசஞ்சர் வண்டியின் புண்ணியத்தில்தான். சீசன் டிக்கெட்டில் திருவாரூர் போய்வந்தேன். அந்த வண்டியில் யார் யார் வருவார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். கீரைக்கட்டோடு ஏறுகிற ஆயாக்கள், முத்துப்பேட்டை மீன் கூடைகள், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, டியூஷனுக்குப் போகிற பெண்பிள்ளைகள். எங்கள் ஊர் ஜங்ஷன். வேதாரண்யம் பக்கம் போகிற கிளைப்பாதை இங்கேதான் பிரியும். அகஸ்தியம்பள்ளியிலிருந்து உப்பு ஏற்றிய வேகன்கள் வரும். டீக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு, ஒற்றைமாட்டு வண்டி என்று பாதி ஊர் அந்த ஸ்டேஷனை நம்பிச் சாப்பிட்டது. கொசுவத்தி சுற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

இந்தப் பாதை யாரோ டெல்லியிலிருந்து போட்ட பிச்சை இல்லை. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894இல் ரயில் வந்தபோது அதற்குப் பணம் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து ஒரு ரயில் வரி வசூல் பண்ணி அதில் கட்டினார்கள். நெல் விளைந்த ஒவ்வொரு காணியும் காசு கொடுத்திருக்கிறது. பாங்கு பாஷையில் சொன்னால் எங்கள் முப்பாட்டன்கள் எல்லாம் பங்குதாரர்கள். அந்தப் பாதை பிறகு அறந்தாங்கி, காரைக்குடி என்று நீண்டது.

அப்புறம் அகலப்பாதை வந்தது. வரவேண்டியதுதான், மீட்டர் கேஜே இருக்கட்டும் என்று சொல்ல நான் பைத்தியக்காரனில்லை. 2004இல் அகஸ்தியம்பள்ளி வண்டி நின்றது. 2006இல் விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையைப் பெயர்க்க ஆரம்பித்ததும் சென்னைக்குப் போகிற கம்பன் எக்ஸ்பிரஸ் போயிற்று. 2012இல் திருவாரூர் - காரைக்குடி பாதையையே மூடினார்கள். பட்டுக்கோட்டை வரைக்கும் காரைக்குடிப் பக்கம் 2018இலும், எங்கள் பக்கம் 2019 ஜூனிலும் திறந்தது. அகஸ்தியம்பள்ளிக்குப் போகிற 37 கிலோமீட்டர் கிளை 2023 ஏப்ரலில் திரும்பியது. மொத்தம் 19 வருஷம். ரயில் நின்றபோது பிறந்த பிள்ளை, ரயில் திரும்பும்போது கல்லூரியில் படிக்கிறது. நடுவில் உப்பு லாரிக்குப் போய்விட்டது, கீரை ஆயா மினிபஸ்ஸுக்குப் போய்விட்டது, சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் திருப்பூருக்குப் போய்விட்டார்.

2019இல் திரும்பி வந்த அழகைக் கேளுங்கள். பாதை புதுசு, பாலம் புதுசு, ஸ்டேஷனுக்குப் பெயிண்ட் புதுசு. லெவல் கிராசிங் கேட்டுகளுக்கு மட்டும் ஆள் இல்லை! என்ன செய்தார்கள் தெரியுமா? கேட் கீப்பரை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார். வண்டி தாண்டி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடியும் அதே கதை. இருக்கிற கேட்டுகளோ ஏராளம். 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையவில்லை. வடிவேலு காமெடி இல்லை, நிஜமாக நடந்தது. ஆள் போட்ட பிறகு நேரம் குறைந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோடிகளைக் கொட்டிப் பாதை போட்டவர்களுக்கு கேட் கீப்பர் சம்பளம் எப்படிக் கசந்தது? நான் கணக்குப் படித்தவன், எனக்குத் தெரியும். பாதை போடுவது மூலதனச் செலவு, ஒரு முறை ரிப்பன் வெட்டினால் போட்டோ வரும். கேட் கீப்பரும் காலை பாசஞ்சரும் தினச்செலவு, அதற்குப் போட்டோ கிடையாது.

அடுத்து ஒரு மந்திரச்சொல் வரும், "ஆதரவில்லை". பயணிகள் ஏறுவதில்லை, அதனால் வண்டி விடவில்லை. பாங்கில் இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கிராமக் கிளையில் ஒரே ஒரு குமாஸ்தாவைப் போட்டு, கம்ப்யூட்டர் பாதி நாள் ஓடாமல் வைத்து, மேலே ரிப்போர்ட் அனுப்புவோம், "இந்த இடத்தில் வியாபாரம் இல்லை". 1977இலிருந்து 1990 வரை ரிசர்வ் பாங்கில் ஒரு விதி இருந்தது. ஏற்கெனவே பாங்கு இருக்கும் ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமென்றால், பாங்கே இல்லாத ஊர்களில் நாலு திறந்தாக வேண்டும். எங்கள் சீனியர்கள் அந்த விதியைத் திட்டாத நாளில்லை. ஆனால் பட்டிக்காட்டில் கடன் புத்தகம் என்ற ஒன்றை முதன்முதலாகக் கண்ணில் பார்த்த ஆட்கள் அந்த விதியால்தான் பார்த்தார்கள். கூட்டம் வந்த பிறகு கிளை திறப்போம் என்று காத்திருந்தால் ஜென்மத்துக்கும் திறந்திருக்க மாட்டோம்.

இங்கே கொல்கத்தாவில் என் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற மாஷி கேனிங் பக்கத்திலிருந்து வருகிறவர். இருட்டோடு புறப்படுகிற லோகலைப் பிடித்து, பாலிகஞ்சில் இறங்கி, மூன்று வீட்டில் வேலை பார்த்துவிட்டு மத்தியான லோகலில் திரும்பிவிடுவார். அந்த வண்டிகளுக்கு இங்குள்ள பாபுமார்கள் வேலைக்காரி லோகல் என்று கிண்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கிண்டல் கிடக்கட்டும். 2020இல் லோகல்கள் நின்றபோது இந்த நகரத்து அடுப்படியும் காய்கறிக்கடையும் என்ன பாடு பட்டன என்று பார்த்தவன் நான். 2009இல் இஸ்ஸத் என்று ஒரு சீசன் டிக்கெட் கொண்டுவந்தார்கள். மாத வருமானம் 1500 ரூபாய்க்குள் இருந்தால் 25 ரூபாய்க்கு நூறு கிலோமீட்டர் வரை மாதம் முழுக்கப் போய்வரலாம். அப்போது ரயில்வே மந்திரி மமதா பானர்ஜி. அரசியல்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏழைக்குத் தினமும் போய்வர வண்டி வேண்டும் என்று கேட்க ஒரு வாய் இருந்திருக்கிறது.

"கொல்கத்தா பெரிய பட்டணம், உங்க திருத்துறைப்பூண்டியோட ஒப்பிடலாமா?" என்று கேட்பீர்கள். கூட்டத்தை ஒப்பிடவில்லை ஐயா, நேரத்தை ஒப்பிடுகிறேன். வேலை ஆரம்பிக்கிற நேரத்துக்கு முன்னால் சேர்வதும் வேலை முடிந்த பிறகு கிளம்புவதும்தான் வண்டி. அது இரண்டு பெட்டியாக இருந்தாலும் சரி.

கட்டணத்தையும் பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளையே ஸ்பெஷல், எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் மறுபடி 10க்கு இறங்கியது. அத்தனை நாளில் அது குறித்து நம்மில் யாராவது ஒரு மனு எழுதினோமா? ஏ.சி. பெட்டியில் போர்வை தரவில்லை என்று மட்டும் பக்கம் பக்கமாகப் புலம்பினோம். நானும் புலம்பினேன்.

என் கோபம் ரயில்வே மேல் பாதிதான். மீதி நம் மேல். ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நமக்குக் கண் கலங்கும். கரி எஞ்சின், கூவல், பிளாட்பார வேப்பமரம், எல்லாம் வரும். ஆனால் ஊருக்காகக் கேட்கிறோம் என்று சொல்லி நாம் கேட்பது நாம் வருஷத்துக்கு ஒருமுறை போய்வர ஒரு வண்டி. ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு ஊரை நம்முடைய லீவு வீடாக நினைத்துவிட்டோம். அங்கே 365 நாளும் இருக்கிறவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த, ஆபீசர்களைத் தெரிந்த நாம்தான் வாய். அந்த வாய் நம் சாப்பாட்டை மட்டும் கேட்கிறது. (இதை வாசித்துக் காட்டியபோது என் மனைவி, "இவ்வளவு பேசுறவர் ஊருக்குப் போறப்ப விமானம்தானே புக் பண்றீங்க" என்றாள். பதில் இல்லை.)

நேற்று நண்பர் வீட்டுக்குப் போய் அந்தக் காகிதத்தை வாங்கினேன். விரைவு வண்டிக் கோரிக்கையை அடிக்கவில்லை, இரண்டாவதாக இறக்கினேன். முதல் கோரிக்கையாக இப்படி எழுதினேன்: திருவாரூர், காரைக்குடி, அகஸ்தியம்பள்ளி மூன்று பக்கமும் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி நேரத்துக்குப் போய்ச் சேரவும், மத்தியானமும் சாயந்தரமும் திரும்பவும், ஞாயிறு உட்பட தினமும் போதுமான பாசஞ்சர் வண்டிகள். நண்பர் படித்துப் பார்த்துவிட்டு, "இதுல நமக்கு என்ன சார் இருக்கு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் சித்தி பேராவூரணியில் தனியாக இருப்பதாகச் சொன்னார். கையெழுத்தும் போட்டார்.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு லேக் மார்க்கெட்டில் அதே வாழைக்காய்க் கடை பக்கம் நிற்பேன். பேனா நான் கொண்டுவருகிறேன்.