பரம்பரை எண்டா தலையெழுத்தா?

எங்கட வீட்டில ஆருக்காவது சீனி வருத்தம் எண்டு தெரிஞ்சா முதலில வாற கதை, "அது பரம்பரை, வரத்தான் செய்யும்." அம்மம்மாவுக்கு இருந்தது, மாமாவுக்கு இருக்கு. மாமா "வாறது வரட்டும்" எண்டு இரத்தம் சோதிக்காமலே இருந்தவர். காலில வந்த புண் ஆறாமல் போனபிறகுதான் கிளினிக்குக்குப் போனவர். அந்த ஒரு வசனத்தில்தான் எனக்குக் கோபம்.

நான் கலைப்பீடம். ஓ.எல் விஞ்ஞானத்தோட டி.என்.ஏக்குக் கும்பிடு போட்டனான். ஆனால் இந்த விசயம் எல்லாருக்கும் விளங்க வேண்டியது.

இன்சுலினுக்கான பரம்பரையலகு சதையியில் மட்டும் இல்லை. தோல், கண், மூளை என்று கரு உள்ள எல்லாக் கலங்களிலும் இருக்கிறது. ஆனால் அந்த ஓமோனைச் செய்து இரத்தத்துக்குள் விடுவது சதையியின் பீட்டா கலங்கள்தான். காரணம், அங்கே பி.டி.எக்ஸ்-1, மாஃப்-ஏ, நியூரோ-டி1 என்ற புரதங்கள் ஒன்றாக இருக்கின்றன. பரம்பரையலகுக்கு முன்னால் உள்ள டி.என்.ஏ துண்டில் இவை வந்து பிணைந்தால்தான் அது சரியாக வாசிக்கப்படும். புத்தகம் எல்லா வீட்டிலும் இருக்கு. வாசிக்க ஆள் வேணும்.

அந்த ஆளிலும் பிழை வரலாம். பி.டி.எக்ஸ்-1க்கான பரம்பரையலகின் ஒரு பிரதி பழுதானால் இளவயதிலேயே ஒருவகை நீரிழிவு வரலாம். இரண்டு பிரதிகளும் பழுதாகி, சதையியே உருவாகாமல் பிறந்த ஒரு குழந்தை பற்றி 1997இல் எழுதப்பட்டது. இதெல்லாம் மிக அரிது.

எங்கட வீடுகளில காணுற சீனி பெரும்பாலும் வேற வகை. சாப்பிட்டுக் குளுக்கோசு ஏறும்போது இந்தப் புரதங்கள் சுறுசுறுப்பாகும். ஆனால் குளுக்கோசு இறங்காமல் நீண்டகாலம் கூடியே இருந்தால் பி.டி.எக்ஸ்-1, மாஃப்-ஏ இரண்டும் குறைகின்றன. ஆய்வுகூடத்தில் வளர்த்த பீட்டா கலங்களில் இதைக் கண்டிருக்கிறார்கள். எழுத்து மாறவில்லை, வாசிப்புத்தான் குறைகிறது. நேரத்தோட குளுக்கோசைக் குறைத்தால் அது ஓரளவு திரும்பியும் வருகிறது.

இதைச் சொல்லி வருத்தக்காரரை "கண்டதையும் சாப்பிட்டதாலதான்" எண்டு ஏசவேண்டாம். பரம்பரை ஆபத்தைக் கூட்டும், அது உண்மை. ஆனால் ஆபத்து கூட எண்டா முந்திச் சோதிக்கத்தானே வேணும்? "எங்கட குடும்பத்தில இருக்கு" எண்டுறது கைவிடுறதுக்கான காரணம் இல்லை, இரத்தம் குடுத்துப் பார்க்கிறதுக்கான காரணம்.

அடுத்த கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு நானும் சோதிக்கப் போறன்.