முற்றத்துச் சீமெந்தில் ஓர் எண்ணெய்ப் பொட்டு



இம்மாதம் மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றுவது பற்றி எழுதப் போகிறேன். "இது ஆம்பிளைகள்ர விஷயம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டில் நிற்கும் வண்டியின் நோயை முதலில் காண்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். காலையில் முற்றம் கூட்டும்போது, வண்டி நின்ற இடத்தில் கறுப்பாய் ஒரு பொட்டு உங்கள் கண்ணில்தான் படும். நாங்கள் அதன்மேல் செருப்போடு நடந்து போய்விடுவோம். ஸ்கூட்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் சகோதரிகளும் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நேரடியாகவே உரிய விஷயம்.

2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின், இருக்கிற பழைய வண்டியையே பேணிக்கொள்ள வேண்டிய நிலை நமக்கு வந்தது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் கராஜ் கூலியும் மிச்சமாகட்டும் என்று பலர் வீட்டிலேயே ஒயில் மாற்றத் தொடங்கினார்கள். அவர்களில் நானும் ஒருவன். பாடசாலைக்குப் போக என்னிடம் இருந்தது ஒரு ஹொண்டா எம்.டி. 90. ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்யப்பட்டு, அங்கே உழைத்து முடித்து, நம் நாட்டுக்கு வந்து இன்னோர் ஆயுள் உழைக்கின்ற வண்டி அது.

வேலை என்னவோ சின்னதுதான். எஞ்சினின் அடிவயிற்றில் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் பழைய ஒயில் வடிந்துவிடும். திரும்பப் பூட்டிவிட்டு, மேலே உள்ள வாயால் புதியதை ஊற்ற வேண்டும். முதல் இரண்டு தடவையும் நன்றாகவே செய்தேன். மூன்றாம் தடவைக்கு மறுநாள் காலையில் மனைவி சொன்னார்: "இஞ்ச பாருங்க, சீமெந்தில எண்ணெய் சொட்டியிருக்கு." நான் ஸ்பேனரை எடுத்து இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அடுத்த நாளும் சொட்டியிருந்தது. மீண்டும் இறுக்கினேன். மூன்றாம் நாள் கைப்பலம் போதவில்லை என்று ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி மிதித்தேன். 'கிறீச்' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. அதன் பிறகு போல்ட் எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா சுற்றியது.

மரை போய்விட்டது. நம் பகுதியில் மரை என்றால் காட்டில் திரிகின்ற மரையைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது அதுவல்ல, "அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று பேசுகிறோமே, அந்த மரை. போல்ட்டைச் சுற்றியும், அது போய் உட்காரும் துவாரத்தின் உள்ளேயும் வரிவரியாய் ஓடுகின்ற புரி. போல்ட் உருக்கினால் ஆனது. எஞ்சினின் உடல் அலுமினியத்தால் ஆனது. இரண்டும் மல்லுக்கு நின்றால் அலுமினியம்தான் தோற்கும். போல்ட் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் கெடுவது எப்போதும் எஞ்சினின் பக்கத்துப் புரிதான்.

சொட்டியதற்குக் காரணம் போல்ட் தளர்ந்திருந்ததும் அல்ல. அதன் தலைக்குக் கீழே செம்பிலோ அலுமினியத்திலோ ஒரு சிறு வளையம், அதாவது வொஷர், இருக்கும். போல்ட்டை இறுக்கும்போது அது சற்று நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ஒரு தடவை நசுங்கியது மறு தடவை அவ்வளவு நன்றாக நசுங்காது. ஆகவே ஒவ்வொரு தடவையும் புதியதைப் போட வேண்டும். நான் பழையதையே மூன்று தடவை போட்டிருந்தேன். உங்கள் பிரஷர் குக்கரில் ஆவி கசிந்தால் மூடியைச் சுத்தியலால் அடித்து இறுக்குவீர்களா? ரப்பர் வளையத்தைத்தானே மாற்றுவீர்கள். அந்த அறிவு ஸ்பேனர் பிடித்த என் கைக்கு இருக்கவில்லை.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. இவ்வகைச் சிறிய ஹொண்டா வண்டிகளில் அந்தப் போல்ட் 12 மில்லிமீற்றர் கனமானது. அதற்குச் சொல்லப்பட்டுள்ள இறுக்கம் சுமார் 24 நியூட்டன் மீற்றர். சமையலறைக் கணக்கில் சொன்னால், 20 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பேனரின் நுனியில் 12 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான். நான் குழாய் போட்டு நீளத்தைக் கூட்டி, உடல் எடையையும் அதன்மேல் ஏற்றினேன். மற்ற வண்டிகளுக்கு அளவு வேறுபடும், அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புரி கெடுவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது, அதில் விழாத இளைஞர் குறைவு. போல்ட்டின் தலை நிலத்தைப் பார்த்திருக்கும். வண்டிக்கு மேலே நின்று குனிந்து திருப்புபவருக்குத் திசை மாறித் தெரியும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பார். அச்சாறு போத்தலைத் தலைகீழாகப் பிடித்து மூடியைத் திறந்து பாருங்கள், உங்கள் கையும் ஒரு கணம் தடுமாறும். வண்டிக்குக் கீழிருந்து போல்ட்டின் தலையை நேரே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு இளஞ்சூட்டில் கழற்றினால் ஒயிலும் நன்றாக வடியும், போல்ட்டும் இலகுவாக அசையும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துவிடும்.

பூட்டும்போது முதல் நாலைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். விரலுக்கு இடக்குப் பண்ணினால் போல்ட் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். உடனே கழற்றி மீண்டும் நேராகப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் ஸ்பேனரைப் போட்டு அமுக்கினால் பழைய வரிகளை வெட்டிக்கொண்டு போல்ட் உள்ளே போய்விடும்.

சில வண்டிகளில் புரி நன்றாக இருக்க, போல்ட்டின் தலை உருண்டுபோய் ஸ்பேனர் வழுக்கும். திருகிப் பெரிதாக்கும் ஸ்பேனரும், வாய் திறந்த ஸ்பேனரும் செய்கின்ற வேலை இது. ஆறு பக்கத்தையும் கவ்விப் பிடிக்கும் வளைய ஸ்பேனரோ சொக்கட்டோ வேண்டும். ஏற்கனவே உருண்டுவிட்டதென்றால், சற்றுச் சிறிய சொக்கட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றித் திருப்பிப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் கராஜுக்குக் கொண்டு போவதே நல்லது. பக்கத்து மூடியின் திருகாணிகளும் அப்படித்தான். சாதாரண ஸ்குரூ ட்ரைவரால் திருப்பித் திருப்பித் தலைக் கீறல் அழிந்த பின் கொண்டு வந்தால், மெக்கானிக்கிற்கு இரட்டை வேலை, உங்களுக்கு இரட்டைக் கூலி.

என் கதைக்கு வருகிறேன். புரி போன போல்ட்டுக்கு நான் செய்த வைத்தியம், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றிச் செருகியதுதான். ஒரு நாள் சொட்டவில்லை. அந்த ஒரு நாளில்தான், வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்த இளம் ஆசிரியர் ஒருவர் பார்க்க வந்தார். கழுவித் துடைத்து வைத்திருந்தேன். அவருக்குப் பிடித்துப் போயிற்று, விலையும் ஏறக்குறையப் பொருந்திவிட்டது. தேநீர்க் கோப்பைகளை வாங்க உள்ளே போனேன். மனைவி மெதுவாகக் கேட்டார்: "அடியில உள்ள போல்ட்ட பத்திச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. விற்கும் பொருளின் குறையை மறைப்பது ஆகாது என்று அந்தத் தவணையில்தான் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதியிருந்தேன். ஆனாலும் அந்த நேரத்தில் என் மனம் போட்ட கணக்கு வேறு. "பழைய வண்டிதானே, வாங்குபவர் பார்த்துத்தானே வாங்குகிறார்" என்று எனக்கே பத்வா கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் போல்ட் ஓடும் வழியில் கழன்றால் என்ன நடக்கும்? ஒரு லீற்றர் கூடப் பிடிக்காத எஞ்சின் அது. சில நொடிகளில் ஒயில் முழுவதும் போய்விடும். கவனியாமல் ஓடினால் பிஸ்டன் இறுகி எஞ்சின் பிடித்துவிடும். அதைவிடப் பயங்கரமானது, வடிகிற ஒயில் பின்னால் உருளும் டயரில் படுவது. ஒரு வளைவில் வண்டி வழுக்க அது போதும். அந்த ஆசிரியருக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

வெளியே வந்து சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "திருத்தித் தாங்க மௌலவி, அதே விலைக்கு எடுக்கிறன்" என்றார்.

லேத் பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மௌலவி, இது கையால இறுக்கினதில்ல, காலால இறுக்கினது." அவர் செய்த வேலையை அருகிலிருந்து பார்த்தேன். பழைய புரியைத் துளைத்து அகற்றினார். சற்றுப் பெரிய அளவில் புதிய புரி வெட்டினார். அதற்குள் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி இறக்கினார். ஹெலிகொயில் என்பது அதுதான். இப்போது பழைய அளவுப் போல்ட்டே அதில் பொருந்தும். போல்ட் உரசுவது அலுமினியத்தோடு அல்ல, உருக்கோடு. ஆகவே முன்பிருந்ததைவிடப் பலம். தானே புரி வெட்டிக்கொண்டு போகும் பெரிய போல்ட் ஒன்றும் கடையில் கிடைக்கிறது. அவசரத்துக்கு உதவும், ஆனால் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு தடவையும் துவாரம் தேயும் என்று அவர் அதை விரும்பவில்லை.

இந்த வேலைக்கு வண்டியைக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். துளைக்கும்போது உதிரும் அலுமினியத் தூள் எஞ்சினுக்குள் தங்கிவிடக் கூடாது. அவர் வெட்டும் கருவியில் கிறீஸ் பூசி, தூளை அதில் ஒட்டவைத்து எடுத்தார். முடிந்த பின்பும் மலிவான ஒயில் கொஞ்சம் ஊற்றி, கீழ்த் துவாரத்தால் ஓடவிட்டுக் கழுவினார். அதன் பிறகே புதிய வொஷரும் போல்ட்டும் போட்டார்.

பழைய ஒயிலை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கிணற்றடியிலும் வடிகானிலும் ஊற்ற விடாதீர்கள். மூடியுள்ள கலனில் சேர்த்து கராஜில் கொடுத்துவிடலாம். கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், அடிக்கடி தோலில் படுவது நல்லதல்ல.

வண்டி கைமாறிப் போய்விட்டது. இப்போது வீட்டில் நிற்பது மகனின் வண்டி. ஒயில் மாற்றும் நாளில் என் மனைவி கேட்பது ஒரே கேள்விதான்: "புது வொஷர் வாங்கினியா மகன்?" மறுநாள் சுபஹுக்குப் பின், வண்டிக்கடியில் ஒரு காட்போட் துண்டை அவரே போட்டுவைக்கிறார்.