விளையாட்டுக்குள்ளே நூலகமா?



"கம்ப்யூட்டர் விளையாட்டுல போய் லைப்ரரி எதுக்குடி? வெட்டி வேலை" என்கிறாள் என் பக்கத்து பெஞ்ச் தோழி. நான் அவள் கட்சி இல்லை.

செகண்ட் லைஃப் என்ற இணைய உலகம் 2003-இல் தொடங்கியது. அதில் நாம் ஒரு பொம்மை உருவம் எடுத்து நடக்கலாம், பேசலாம், வீடுகூடக் கட்டலாம். 2006-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநில நூலகர்கள் அதற்குள் 'இன்ஃபோ ஐலண்ட்' என்று ஒரு தீவையே அமைத்தார்கள். பல ஊர் நூலகர்கள் தாமாக முன்வந்து, முறை போட்டு அங்கே இருந்து, வந்தவர்களின் கேள்விகளுக்குப் பதில் தேடிக் கொடுத்தார்கள். 13 முதல் 17 வயதுக்காரர்களுக்கு என்று தனி உலகம் இருந்தது. சார்லட் நகரப் பொது நூலகம் அங்கேயும் போனது.

பிள்ளைங்க புத்தகமே தொடறதில்லைன்னு எல்லாரும் திட்டுறாங்க. இவங்க திட்டாம, பிள்ளைங்க இருக்கிற இடத்துக்கே போனாங்க பாருங்க! எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. கேள்வி கேட்கக் கூச்சப்படுறவங்க (நானும்தான்) பொம்மை முகத்தோட தைரியமா கேட்கலாமே.

ஒரே ஒரு வருத்தம். அந்த உலகம் ஒரு கம்பெனியின் சொத்து. 2010 கடைசியில் அந்த இளையோர் உலகத்தைக் கம்பெனி மூடிவிட்டது. வாடகை வீட்டில் நூலகம் வைத்த கதைதான். அதனால் நூலகர்கள் அங்கே போகட்டும், ஆனால் ஊரில் இருக்கும் அலமாரியைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டாம் என்பது என் கட்சி.

தோழி இன்னும் ஒத்துக்கலை. அடுத்த லைப்ரரி பீரியடில் மறுபடியும் சண்டை இருக்கு.

- 11-ஆம் வகுப்பு மாணவி