மாரிக்கு வேற நேர அட்டவணை வேணும்

ஐப்பசி பிறந்தால் எங்கட பக்கத்தில இரண்டு விசயம் தவறாமல் வரும். ஒண்டு மாரி. மற்றது, "சாரதியின் கவனயீனமே விபத்துக்குக் காரணம்" என்ற செய்தி. சாரதி விளக்கமறியலுக்குப் போவார், முதலாளியின்ர மற்ற பஸ் அடுத்த நாள் இரவும் அதே நேரத்துக்கு வெளிக்கிடும். இந்த ஒற்றை வரி விளக்கத்தைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு.

ஒரு சின்னக் கணக்குப் பாப்பம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். பஸ் 60 இல ஒரு இடமும் நிக்காமல், ஒரு சந்தியிலயும் வேகம் குறைக்காமல் ஓடினாலே 6 மணி 40 நிமிசம். அதுக்குள்ள தேத்தண்ணிக்கு, சலம் கழிக்க, பார்சல் ஏத்த, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எண்டு நிக்க வேணும். அப்ப "ஏழு மணித்தியாலத்தில இறக்கிவிடுவம்" எண்டு ஒருத்தர் ரிக்கற் விக்கிறார் எண்டால், அந்த நேரத்தை எங்க பிடிக்கிறார்? வவுனியாவுக்கும் பரந்தனுக்கும் இடையில, நடுச்சாமத்தில, நேர் றோட்டில பிடிக்கிறார். கோடையில பிடிச்ச அதே நேரத்தைக் கார்த்திகை மழையிலயும் பிடிக்கச் சொல்லுறதுதான் எங்கட பிரச்சினை.

மழை றோட்டில என்ன நடக்குது எண்டது பெரிய விஞ்ஞானம் இல்லை. டயரில இருக்கிற வெட்டுகள் தண்ணியை வெளியில தள்ளுறதுக்குத்தான் இருக்கு. வேகம் கூடக்கூடத் தள்ளுறதுக்குக் கிடைக்கிற நேரம் குறையும். ஒரு கட்டத்தில டயர் தாரைத் தொடாமல் தண்ணிப் படலத்துக்கு மேல ஏறி வழுக்கத் தொடங்கும். அதுக்குப் பிறகு ஸ்ரியறிங்கும் பிரேக்கும் சாரதியின்ர பேச்சைக் கேக்காது. தேஞ்ச டயரில அந்தக் கட்டம் இன்னும் குறைஞ்ச வேகத்திலயே வந்திடும். காய்ஞ்ச றோட்டிலயே வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்காகும், ஈர றோட்டில அதுக்கும் கூட. தேங்காய் உடைக்க இறங்கிற நேரம் டயரையும் ஒருக்கால் குனிஞ்சு பாத்தால் பிள்ளையார் கோவிக்கமாட்டார்.

மாடுகளின்ர கதை வேற. மாரியில வயலும் தரவையும் வெள்ளக்காடு. காய்ஞ்ச மேடு ஏ9 றோட்டு மட்டும்தான், மாடுகள் அதில வந்து படுக்காமல் வேற எங்க படுக்கும்? கறுப்பு மாடு, கறுத்த றோட்டு, முன்னால வாற வாகனத்தின்ர கண்ணைக் குத்துற லைற். கட்டாக்காலி எண்டு மாட்டைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. மாடு வச்சிருக்கிறவருக்கு மாரியில கட்டிவைக்க ஒரு மேட்டுநிலம் காட்டாத பிரதேச சபைகளைத்தான் கேக்க வேணும்.

சரி, ஏன் இந்த அவசரம்? கொழும்பில எட்டரைக்கு நேர்முகப் பரீட்சை, ஒன்பதுக்குத் தூதரகம், பத்துக்குக் கிளினிக். நாட்டில எல்லாத்தையும் ஒரு நகரத்தில குவிச்சு வச்சிட்டு, 400 கிலோமீற்றருக்கு இங்கால இருக்கிறவனை "நேரத்துக்கு வா" எண்டு கூப்பிடுறாங்கள். கம்பஸிலயும் இதே கதைதான். 80 வீத வரவு இல்லாட்டிப் பரீட்சை இல்லை. வெள்ளத்தால பஸ் பிந்தினது எண்டு சொன்னால், கடிதம் கொண்டு வா எண்டுவினம். வெள்ளத்திட்ட ஆர் கடிதம் வாங்கிறது? வேகமா ஓடுற பஸ்ஸுக்கு மவுசு இப்பிடித்தான் வருது. அந்த ஓட்டத்தை வீடியோ எடுத்துப் பாட்டுப் போட்டு ரிக்ரொக்கில ஏத்துற எங்கட வயசுப் பெடியள் அதுக்கு எண்ணெய் ஊத்துறாங்கள்.

சாரதியையும் பாருங்கோ. சம்பளம் ஓட்டத்துக்கு இவ்வளவு எண்டு. விடியக் கொழும்பில இறக்கிப்போட்டு, வெக்கைக்குள்ள பஸ்ஸுக்குள்ளயே பகல் முழுக்கப் புரண்டு எழும்பி, இரவு திரும்பவும் அதே சீற்றில. 2025 இல பஸ் சாரதிகளுக்கு ஆசனப்பட்டி கட்டாயம் எண்டு கொண்டு வந்தினம், நல்லது. நித்திரைக்கு எந்தப் பட்டியைக் கட்டிறது?

தண்ணி ஏறின றோட்டை ஆர் மூடுறது, எப்ப மூடுறது? 2024 நவம்பரில மாவடிப்பள்ளியில வெள்ளம் பாஞ்ச றோட்டில உழவு இயந்திரத்தில ஏறி வீட்டுக்குப் போன மதரஸாப் பிள்ளைகள் அடிச்சுக்கொண்டு போகப்பட்டினம். அடுத்த வருசம் அதே நவம்பரில, டித்வா புயலுக்குள்ள, கலா ஓயாவில ஒரு பஸ் வெள்ளத்தில சிக்கி, கிட்டத்தட்ட 70 பேரைக் கடற்படை மீட்க வேண்டி வந்தது. இரண்டுக்கும் நடுவில ஒரு முழு வருசம் இருந்தது.

அதிவேகப் பாதையில மழை பெய்தால் 60க்கு இறங்கச் சொல்லிப் பலகை எரியுது. கார் வச்சிருக்கிறவை போற பாதைக்கு அந்த அக்கறை இருக்கு. எங்கட ஏ9க்கு? வழி அனுமதிப்பத்திரம் குடுக்கிற தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிட்ட நாங்கள் கேக்கிறது பெரிய காசு செலவழிக்கிற விசயம் இல்லை. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் இரவு பஸ்ஸுகளுக்கு ஒன்றரை மணித்தியாலம் கூட்டின அட்டவணை போடுங்கோ. எட்டு மணிக்கு வெளிக்கிடுற பஸ் ஆறரைக்கு வெளிக்கிடட்டும். முந்தி வந்து சேர்ற பஸ்ஸுக்குத் தண்டம் அடியுங்கோ, பிந்தி வாறதுக்கு இல்லை. ஒரு ஓட்டத்துக்கு இரண்டு சாரதி எண்டதை அனுமதிப்பத்திரத்திலயே எழுதுங்கோ. வெளிக்கிட முதல் டயரைப் பாத்துக் கையெழுத்து வைக்க யாழ்ப்பாணத்திலயும் வவுனியாவிலயும் ஆளுக்கொருத்தரைப் போடுங்கோ. புரட்டாசி முடிய முதல் செய்தால், இந்த மாரிக்கே சரி.