மொழிபெயர்ப்பில் இரண்டாம் வாசிப்பு: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

வாடகை ஒப்பந்தம், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, கிரயப் பத்திரம், விசாவுக்கான பிறப்புச் சான்றிதழ் என எதைக் கொண்டுபோனாலும் ஒரே இடத்தில் மொழிபெயர்த்துத் தருகிறார்கள். எல்லாத் துறைகளையும் ஒரே நிறுவனம் ஏற்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. சிற்றூர்களில் வேறு வழியும் கிடையாது. ஆனால் ஒருவர் மொழிபெயர்த்ததை, அந்தத் துறை தெரிந்த இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்காமல் வாடிக்கையாளரிடம் கொடுப்பதை எதிர்க்கிறோம்.

மொழிபெயர்ப்புக் குறையின் விளைவு நீதிமன்றப் பதிவுகளிலேயே இருக்கிறது. ஆங்கிலம் அறியாத ஒருவருக்குத் தடுப்புக்காவலின் காரணங்களைப் போலீஸ் அதிகாரி குஜராத்தியில் வாய்மொழியாக விளக்கிவிட்டார் என்ற வாதத்தை, லல்லுபாய் ஜோகிபாய் பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. எழுத்தில் மொழிபெயர்ப்புத் தராததால் அந்தக் காவலே செல்லாமல் போயிற்று. தமிழ்நாட்டிலும் குண்டர் சட்ட உத்தரவுகள் பல, ஆவணங்களின் தமிழாக்கம் விடுபட்டதாலோ தவறாக இருந்ததாலோ சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்தாகியிருக்கின்றன. அங்கேயாவது எதிர்த்தரப்பு வக்கீல் வரிவரியாகப் படித்துப் பிழையைப் பிடிக்கிறார். மாத்திரை அளவில் ஒரு புள்ளி விடுபட்ட டிஸ்சார்ஜ் சம்மரியை நோயாளியின் வீட்டில் யார் பிடிப்பது?

செலவு கூடும் என்பார்கள். கூடத்தான் செய்யும். ஆனால் ஒப்பிட்டுப் படிக்க, மொழிபெயர்க்கும் அளவுக்கு நேரம் ஆகாது. 2015இல் வந்த ஐஎஸ்ஓ 17100 தரநிலை இந்த இரண்டாம் வாசிப்பைக் கட்டாயமாகவே வைத்திருக்கிறது. வாழ்த்துக் கடிதத்துக்கும் விழா அழைப்பிதழுக்கும் இதை நாங்கள் கேட்கவில்லை. உடல்நலம், சொத்து, வழக்கு, குடியேற்றம் ஆகிய நான்கில் விலக்கே கூடாது. நோட்டரி முத்திரை போதாதா என்ற கேள்வியும் வருகிறது. 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் அதிகாரத்தை நோட்டரிக்குத் தந்திருப்பது உண்மை. நடைமுறையில் பெரும்பாலும் கையெழுத்துக்கு மட்டுமே சான்று கிடைக்கிறது.

இயந்திரம் வந்துவிட்டதே என்பதுதான் இன்று பலமாக ஒலிக்கும் வாதம். உச்ச நீதிமன்றம் 2019 முதல் ‘சுவாஸ்’ என்ற மென்பொருளைத் தீர்ப்புகளை மொழிபெயர்க்கப் பயன்படுத்துகிறது. அப்படி வெளியாகும் தமிழாக்கம் வழக்காடுபவர் புரிந்துகொள்ள மட்டுமே, அதிகாரபூர்வமானது ஆங்கிலப் பிரதியே என்று நீதிமன்றமே குறிப்பு எழுதுகிறது. அத்தனை வசதியுள்ள அமைப்பே இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும்போது, இயந்திரம் தந்ததை யாரும் படிக்காமல் முத்திரை குத்தி விற்பதற்கு நியாயம் இல்லை. இயந்திரத்தைப் பயன்படுத்தலாம், அதைச் சொல்லிவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

மொழிபெயர்த்தவர், சரிபார்த்தவர் ஆகிய இருவர் பெயரும் ஒவ்வொரு பிரதியிலும் இருக்க வேண்டும் என நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறோம். பணம் கட்டும் முன் அந்த இரண்டு பெயர்களையும் வாடிக்கையாளர்கள் கேட்டு வாங்க வேண்டும்.