ஸ்பிரிங்குக்கு ரப்பர் வளையம் தேவையா?

நம் ஊரில் கார் வைத்திருப்பவர்களிடம் இப்போது ஒரு புது மோகம் பரவியிருக்கிறது. சக்கரத்துக்கு மேலே இருக்கும் சுருள் ஸ்பிரிங்கின் இடுக்கில் ஒரு ரப்பர் வளையத்தைச் செருகிக்கொள்கிறார்கள். வண்டி கொஞ்சம் தூக்கி நிற்குமாம், வேகத்தடையில் அடி தட்டாதாம், வளைவில் ஆடாதாம். இளைஞர்கள் இதற்கு நேர் எதிர். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி, வண்டியைத் தரையோடு ஒட்ட வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் நம் சாலைகளுக்கு இரண்டும் வேண்டாம் என்பேன். காசு போட வேண்டிய இடம் வேறு.

அம்பாசிடர் காலத்து மனிதர்களுக்கு இந்த ஆசை புதிதல்ல. அந்த வண்டிக்கு முன்னால் டார்ஷன் பார், பின்னால் கமான் பட்டை. கல்யாணம், குலதெய்வம் கோயில் என்று எட்டு ஒன்பது பேர் ஏறினால் பின்பக்கம் அமுங்கிவிடும். "ஒரு பட்டை கூட்டிப் போட்டுடலாம் சார்" என்பார் மெக்கானிக். அதற்குப் பிறகு ஒன்பது பேர் ஏறினாலும் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் அவர்கள் இறங்கியபின் டிரைவர் தனியாக ஓட்டினால் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும். எடைக்கு மீறிக் கடினமான ஸ்பிரிங் மேடுபள்ளத்தில் சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பிவிடுகிறது. தரையில் அழுந்தாத சக்கரம் பிரேக்குக்கும் கட்டுப்படாது, ஸ்டியரிங்குக்கும் கட்டுப்படாது.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்பும்போது அதன் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியே நெருக்கிப் போகும்போது, ஆட்டத்தின் வேகம் வெப்பமாக மாறிக் கரைந்துவிடுகிறது. ரப்பர் வளையம் போட்ட இடத்தில் ஸ்பிரிங்கின் சுருள் வேலை செய்யாது. மொத்த ஸ்பிரிங்கும் கடினமாகிவிடும். ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்காக அளந்து செய்தது. கூடுதல் துள்ளலை அதனால் முழுதாக அடக்க முடியாது.

உயரத்தைக் கூட்டுவதில் இன்னொரு சங்கடம். கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேர் மாட வீதியில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கினால் கீழே லேசாகத்தான் அசையும். உச்சியில் அந்த அசைவு பெரிதாகத் தெரியும். தேர் நடை வேகத்தில் போகிறது, முட்டுக்கட்டை போட ஆட்கள் கூடவே வருகிறார்கள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறும் காருக்கு முட்டுக்கட்டை போட யார் இருக்கிறார்கள்? வளைவில் வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சக்கரங்கள் மீது சாய்கிறது. வண்டியைத் தூக்கத் தூக்க அந்தச் சாய்வு கூடும்.

சரி, தாழ்த்தினால் நல்லதுதானே என்று பேரன்கள் கேட்பார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் நல்லதுதான். அங்கே தரை வழவழப்பு, வேகத்தடை கிடையாது. நம் கதை வேறு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம்; மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். நம் தெருக்களில் இரவோடு இரவாக முளைக்கும் குறுகிய மேடுகளுக்கும் அந்த அளவுக்கும் சம்பந்தமே இல்லை. தாழ்த்திய வண்டி அங்கே அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் போகும். அந்த அதிர்ச்சி நேராக நம் முதுகெலும்புக்கு வந்து சேரும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தத்தில் சேர்த்துவிட்டார்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது? என் வரிசை இது. முதலில் டயர் காற்று. எவ்வளவு என்பது டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. அடுத்து டயரின் வயது. பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருந்தால் மழையில் வழுக்கும். பிறகு புஷ், லிங்க் ராடு, பால் ஜாயிண்ட். பள்ளத்தில் "கடக் கடக்" என்று கேட்டால் இவற்றில் ஒன்று தேய்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். இவற்றைச் சரி செய்தபின் வீல் அலைன்மெண்ட்.

கடைசியாக ஷாக் அப்சார்பர். எண்ணெய் கசிந்தாலோ, பிரேக் போட்டால் மூக்கு அதிகமாகக் குத்தினாலோ, ஒரு மேடு ஏறி இறங்கியபின் வண்டி நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தாலோ அதை மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். முன்னால் என்றால் முன்னால் இரண்டும், பின்னால் என்றால் பின்னால் இரண்டும். ஆசைக்குச் செலவு செய்துதான் தீர வேண்டும் என்றால், அதே அளவில் தரமான கேஸ் ஷாக் அப்சார்பர் போடலாம். ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழ்ந்திருந்தால், அதே மாடலுக்கான புது ஸ்பிரிங்கே மருந்து.

முழங்கால் வலிக்காரர்களுக்கு உயரமான வண்டியில் ஏறி இறங்குவது சுலபம்தான், மறுக்கவில்லை. அதற்கு அடுத்த முறை வாங்கும்போதே உயரமாகச் செய்த வண்டியாகப் பார்த்து வாங்குவோம். அதன் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கர அகலம் எல்லாம் அந்த உயரத்துக்கென்றே அளந்து செய்தவை. முந்நூறு ரூபாய் அலைன்மெண்டைத் தள்ளிப்போட்டுவிட்டு மூவாயிரம் ரூபாய் வளையத்தைத் தேடி ஓடுவது, கிழிந்த வேட்டிக்கு ஜரிகை தைப்பது போலத்தான்.